வீட்டு கேஸ் ஜெனரேட்டர்: எவ்வளவு எரிபொருள் வேண்டும், எதை எதற்கு மாற்றலாம்?

வாசகர் கேள்வி – பொறியாளர் பதில்

கேஸில் ஓடும் வீட்டு ஜெனரேட்டர்களைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதிலளிக்கிறோம். சில கடிதங்கள் தமிழ்நாட்டிலிருந்தும் சில அமெரிக்கா, கனடாவிலிருந்தும் வந்தவை. ஏறத்தாழ எல்லோருமே எத்தனை கிலோவாட் ஜெனரேட்டர் வாங்கலாம் என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம் வீட்டுக்கு வரும் குழாயோ, வைத்திருக்கும் சிலிண்டரோ, டேங்கோ ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கேஸைக் கொடுக்க முடியும் என்பதே அந்தக் கேள்வி. அதற்கு விடை தெரியாமல் வாங்கிய ஜெனரேட்டர், மேலே ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன திறன் எழுதியிருந்தாலும், தேவைப்படும் நாளில் அந்தத் திறனைத் தராது.

கேள்வி: 2024 ஜூலையில் பெரில் சூறாவளி வந்துபோன பிறகு எங்கள் வீட்டில் 22 கிலோவாட் இயற்கை எரிவாயு ஜெனரேட்டரைப் பொருத்தினோம். வாரந்தோறும் அது தானாக ஓடிச் சோதித்துக்கொள்ளும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் உண்மையிலேயே மின்சாரம் போன அன்று, ஏசி ஓடத் தொடங்கியதும் திணறி நின்றுவிட்டது. ஜெனரேட்டரில் பழுது ஏதும் இல்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இன்னும் பெரியதாக மாற்ற வேண்டுமா? – வாசகர், கேட்டி, டெக்சஸ்

பதில்: பெரியதாக மாற்றினால் இதே சிக்கல் கூடுமே தவிரக் குறையாது. நீங்கள் சொல்லும் அறிகுறி, கேஸ் குழாயோ மீட்டரோ போதாமல் இருப்பதைத்தான் பெரும்பாலும் காட்டும்.

உங்கள் ஜெனரேட்டர் எந்த நிறுவனத்தினுடையது என்று நீங்கள் எழுதவில்லை. அதே திறனில் அமெரிக்காவில் பரவலாக விற்கும் ஜெனராக் மாதிரி ஒன்றின் கையேட்டு அளவைக் கொண்டு கணக்கிடுவோம். இயற்கை எரிவாயுவில் அது அரைச் சுமையில் மணிக்கு 228 கன அடியும், முழுச் சுமையில் 327 கன அடியும் எரிக்கும். வாராந்திரச் சோதனையின்போது வீட்டுச் சுமை எதுவும் அதன் மேல் ஏறுவதில்லை, சில மாதிரிகள் அப்போது குறைந்த வேகத்திலேயே ஓடும். ஆகவே அந்தச் சில நிமிடங்களுக்குத் தேவையான சிறிதளவு கேஸை எவ்வளவு மெலிந்த குழாயும் கொடுத்துவிடும். ஏசியின் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் எஞ்சின் ஒரே இழுப்பில் பல மடங்கு கேஸைக் கேட்கிறது. குழாயில் அழுத்தம் சரிகிறது, கலவையில் கேஸ் குறைகிறது, எஞ்சின் நின்றுவிடுகிறது.

இப்போது மீட்டரைப் பாருங்கள். அமெரிக்க வீடுகள் பலவற்றில் மணிக்கு 250 கன அடி அளவிலான மீட்டரே இருக்கிறது. வெப்பத்தை அளக்கும் அலகு பிடியு. ஒரு கன அடி இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 1,000 பிடியு வெப்பம் உண்டு என்பதால், கருவிகளின் பிடியு எண்ணிலிருந்து மூன்று பூச்சியங்களை நீக்கினால் அவை கேட்கும் கன அடி கிடைத்துவிடும். வீட்டைச் சூடாக்கும் 1,00,000 பிடியு ஃபர்னஸ், 40,000 பிடியு வாட்டர் ஹீட்டர், 65,000 பிடியு அடுப்பு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 205 கன அடி ஆகிறது. அதன் மேல் ஜெனரேட்டரின் 327-ஐக் கூட்டினால் 532, அதாவது மீட்டரின் அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கோடைக்காலச் சூறாவளியில் ஃபர்னஸ் எரியப்போவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். குளிர்காலத்திலும் அதே வீட்டில் மின்சாரம் போகும் என்பதை 2021 பிப்ரவரியில் டெக்சஸ் கண்டிருக்கிறது. எனவே இணைத்துள்ள கருவிகள் அனைத்தையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும்.

மீட்டர் போதுமானதாக இருந்தாலும் குழாய் தடுக்கலாம். கேஸின் மெல்லிய அழுத்தத்தை, அது எத்தனை அங்குல உயரத்துக்கு நீரைத் தூக்கி நிறுத்தும் என்பதைக் கொண்டு அளப்பார்கள். குழாயில் அழுத்தம் அரை அங்குல நீர்மட்டத்துக்கு மேல் குறையக்கூடாது என்று வைத்துக்கொண்டால், 50 அடி நீளமுள்ள 1 அங்குல இரும்புக் குழாய் மணிக்குச் சுமார் 280 கன அடியைத்தான் கடத்தும். உங்கள் ஜெனரேட்டருக்கு அது போதாது. அதே தூரத்துக்கு 1¼ அங்குலக் குழாய் ஏறத்தாழ 580 கன அடியைக் கடத்தும். கால் அங்குல வித்தியாசம் கொள்ளளவை இரண்டு மடங்காக்குகிறது. பொருத்துபவர்கள் செலவைக் குறைக்க அடுப்புக்குப் போகும் குழாயிலிருந்தே ஒரு கிளையை இழுத்துவிடுவதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் குறை. மீட்டரிலிருந்து ஜெனரேட்டருக்குத் தனிக்குழாய் வர வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரே ஒரு சோதனை போதும், அதை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். ஜெனரேட்டரின் கேஸ் ரெகுலேட்டருக்கு முன்னால் சிறிய திருகு அடைப்பு ஒன்று இருக்கும். வால்வை மூடி, அடைப்பைக் கழற்றி, அங்கே அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரின் ரப்பர் குழாயைச் செருகுவார்கள். இயற்கை எரிவாயுவுக்கு இந்த வகை ஜெனரேட்டர்கள் கேட்கும் அழுத்தம் 3.5 முதல் 7 அங்குல நீர்மட்டம் வரை. கார் டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருக்கிறதென்றால், இந்த 7 அங்குலம் வெறும் கால் பிஎஸ்ஐ. இவ்வளவு மெல்லிய அழுத்தம் என்பதால்தான் குழாயின் ஒவ்வொரு வளைவும் கணக்கில் வருகிறது. ஜெனரேட்டர் ஓடாதபோது 7 என்று காட்டுவதில் பயனில்லை. வீட்டிலுள்ள எல்லா கேஸ் கருவிகளையும் எரியவிட்டு, ஜெனரேட்டர் மேல் ஏசி உள்ளிட்ட முழுச் சுமையை ஏற்றி, அந்த நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 3.5-க்குக் கீழே இறங்கினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

அதன் பின் கேஸ் நிறுவனத்திடம் பெரிய மீட்டர் கேட்டு விண்ணப்பியுங்கள். தனிக்குழாய் நீளமாகப் போக வேண்டியிருந்தால், 2 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இணைப்பு தர முடியுமா என்றும் கேளுங்கள். அந்த அழுத்தத்தில் மெலிந்த குழாயே போதும், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இவற்றை உரிமம் பெற்ற பிளம்பர்தான் நகராட்சியின் அனுமதியோடு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 22 கிலோவாட் என்பது, டேங்கில் திரவமாக வாங்கிவைக்கும் கேஸான புரொப்பேனில் கிடைக்கும் திறன். இதே மாதிரி இயற்கை எரிவாயுவில் 19.5 கிலோவாட்தான் தரும், அதுவும் கையேட்டிலேயே இருக்கிறது. ஏசிக்கு ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தினால் கிளம்பும்போது அது இழுக்கும் மின்னோட்டம் வெகுவாகக் குறையும். பெரிய ஜெனரேட்டருக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே அதற்கு ஆகும்.

கேள்வி: ஆஸ்டின் நகருக்கு வெளியே நாட்டுப்புறத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். பழைய வீட்டில் இயற்கை எரிவாயுவில் ஓடிய ஜெனரேட்டரைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டோம். இங்கே கேஸ் குழாய் இல்லை, புரொப்பேன் டேங்க்தான் வைக்க வேண்டும். குழாயை டேங்கோடு இணைத்துவிட்டால் போதுமா? – வாசகி, டெக்சஸ்

பதில்: போதாது, அப்படியே இணைத்து ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஒரு கன அடி புரொப்பேன் வாயுவில் ஏறத்தாழ 2,500 பிடியு வெப்பம் இருக்கிறது. இயற்கை எரிவாயுவைப்போல அது இரண்டரை மடங்கு. ஒரு பங்கு இயற்கை எரிவாயு எரியச் சுமார் 10 பங்கு காற்று வேண்டும், ஒரு பங்கு புரொப்பேனுக்குச் சுமார் 24 பங்கு வேண்டும். எனவே இயற்கை எரிவாயுவுக்கென அமைத்த பெரிய துளை வழியே புரொப்பேனை விட்டால் கலவை மிதமிஞ்சிச் செறிவாகிவிடும். எஞ்சின் கிளம்பாது, கிளம்பினாலும் கரி பிடித்து, கார்பன் மோனாக்சைடை அளவுக்கு மீறிக் கக்கும். மாறாக, புரொப்பேனுக்கு அமைத்ததில் இயற்கை எரிவாயுவை விட்டால் கலவை மெலிந்து, சுமையைத் தாங்காமல் எஞ்சின் ஏறி இறங்கி ஓடும்.

நல்ல செய்தி என்னவென்றால், வீட்டுக்கென்று செய்யப்படும் பெரும்பாலான ஜெனரேட்டர்கள் இரண்டு எரிபொருளையும் மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை. ஜெனராக்கின் காற்றால் குளிரும் மாதிரிகளில் ஒரு நெம்புகோலையோ திருகு குமிழையோ இயற்கை எரிவாயுவிலிருந்து புரொப்பேன் பக்கம் திருப்ப வேண்டும். கோலர் போன்ற வேறு நிறுவனங்களின் மாதிரிகளில் ரெகுலேட்டரிலிருந்து போகும் ஹோஸை வேறொரு துளைக்கு மாற்ற வேண்டியிருக்கலாம். இதோடு நில்லாமல், கட்டுப்பாட்டுப் பலகையிலும் எரிபொருள் எது என்று தேர்வுசெய்ய வேண்டிய மாதிரிகள் உண்டு. இயற்கை எரிவாயு மெதுவாக எரிவதால் அதற்குத் தீப்பொறியைச் சற்று முன்னதாகவே கொடுக்க வேண்டும். புரொப்பேனுக்கும் அதே நேரத்தில் கொடுத்தால் எஞ்சினுக்குள் தட்டும் ஓசை எழும். சிலர் நெம்புகோலைத் திருப்பிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். வேலையைத் தொடங்குமுன் ஜெனரேட்டரை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். தானியங்கி ஜெனரேட்டர் என்பதால் கை உள்ளே இருக்கும்போது மின்சாரம் போனாலும் அது கிளம்பிவிடும்.

அழுத்தமும் வேறு. புரொப்பேனுக்கு ஜெனரேட்டரின் வாயிலில் 10 முதல் 12 அங்குல நீர்மட்டம் வேண்டும். டேங்கின் மேல் ஒரு ரெகுலேட்டர் அழுத்தத்தைப் பெரும்பாலும் 10 பிஎஸ்ஐ அளவுக்குக் கொண்டுவரும், வீட்டருகே இரண்டாவது ரெகுலேட்டர் அதை 11 அங்குலத்துக்குக் குறைக்கும். ஒரே ரெகுலேட்டரில் இரண்டையும் முடிக்கப் பார்த்தால், டேங்கின் வெப்பம் மாறும்போதெல்லாம் அழுத்தமும் ஆடும்.

டேங்கின் அளவைப் பொறுத்தவரை நான் 500 கேலனுக்குக் குறைவாகச் சொல்ல மாட்டேன். பாதுகாப்பு கருதி டேங்கை 80 விழுக்காடு வரைதான் நிரப்புவார்கள், ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 400 கேலன். மேலே சொன்ன 22 கிலோவாட் மாதிரி அரைச் சுமையில் மணிக்குச் சுமார் 2.5 கேலனும், முழுச் சுமையில் 3.9 கேலனும் எரிக்கும். அரைச் சுமையில் ஆறு நாள்களுக்குச் சற்று மேலும், முழுச் சுமையில் நான்கு நாள்களும் வரும் என்பது கணக்கு. அடியில் சிறிது மிச்சம் வைத்தாக வேண்டும் என்பதால் ஒரு நாளைக் கழித்துக்கொள்ளுங்கள். சூறாவளிக்குப் பின் சாலையில் மரங்கள் விழுந்துகிடக்கும்போது டேங்கர் லாரி வராது. அதனால் ஜூன் மாதம் பிறக்குமுன்பே நிரப்பி வைத்துக்கொள்வது நல்லது.

சிறிய டேங்கில் இன்னொரு குறை இருக்கிறது. திரவப் புரொப்பேன் வாயுவாக மாறுவதற்கு வேண்டிய வெப்பத்தை டேங்கின் சுவர் வழியாகத்தான் வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. டேங்க் சிறியதாகவும், திரவம் குறைந்தும், பனியும் பெய்துகொண்டிருந்தால், உள்ளே எரிபொருள் இருந்தும் எஞ்சின் கேட்கும் வேகத்தில் வாயு கிளம்பாது. பார்பெக்யூ அடுப்புக்கு வைக்கும் 20 பவுண்டு சிலிண்டரை இவ்வளவு பெரிய ஜெனரேட்டருக்கு இணைப்பதை இந்தக் காரணத்தாலேயே தவிர்க்க வேண்டும். டெக்சஸில் புரொப்பேன் இணைப்புகளை ரயில்ரோட் கமிஷன் என்ற மாநில அமைப்பு ஒழுங்குபடுத்துகிறது. அதன் உரிமம் உள்ளவரையே அமர்த்துங்கள்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வயதான பெற்றோர் வீட்டில் இருக்கிறார்கள். பெட்ரோல் வாங்கி வைப்பது பயமாக இருப்பதால், சமையல் கேஸ் சிலிண்டரில் ஓடும்படி சிறிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கலாமா? எங்கள் பகுதியில் குழாய் எரிவாயுவும் வந்திருக்கிறது. – வாசகர், சென்னைப் புறநகர்

பதில்: வீட்டுக்குக் கொடுக்கும் 14.2 கிலோ சிலிண்டரைச் சமையலுக்கு அன்றி வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது என்பது சட்டம், 2000-ஆம் ஆண்டின் எல்பிஜி ஒழுங்குமுறை ஆணை அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஜெனரேட்டருக்கு வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டரைத்தான் முறையாகப் பதிவுசெய்து வாங்க வேண்டும்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பொறியியலைப் பார்த்தாலும் சமையல் சிலிண்டர் இதற்கு ஏற்றதல்ல. சிறிய கேஸ் எஞ்சின்கள் எரிபொருளிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாகத் தருகின்றன. அந்தக் கணக்கில், தொடர்ந்து 2 கிலோவாட் எடுத்தால் மணிக்குச் சுமார் 0.8 கிலோ கேஸ் செலவாகும். இரண்டு பர்னர் அடுப்பை முழுத்தீயில் எரித்தாலும் அரைக் கிலோவுக்குள்தான் ஆகும், நம் சமையல் ரெகுலேட்டரும் அதற்குத் தகுந்தாற்போல் செய்யப்பட்டதே. அதற்கு மேல் இழுத்தால் சிலிண்டரின் அடிப்பாகம் வியர்க்கத் தொடங்கும், கைவைத்தால் சில்லென்று இருக்கும், சற்று நேரத்தில் அழுத்தம் குறைந்து எஞ்சின் தடுமாறும். உள்ளே கேஸ் தீர்ந்துவிட்டதென்று நினைத்துச் சிலிண்டரை உருட்டுவதும், படுக்கவைப்பதும், சுடுநீர் ஊற்றுவதும் வழக்கமாக நடக்கின்றன. படுத்த சிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதில் திரவமே வெளியேறும், அது ரெகுலேட்டரைத் தாண்டிவிட்டால் தீ விபத்துக்கு வழி திறந்ததாகிவிடும். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

முறையான எல்பிஜி ஜெனரேட்டரையும் 19 கிலோ சிலிண்டரையும் வைத்து, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் மட்டும் 2 கிலோவாட் எடுத்தால், ஒரு சிலிண்டர் நான்கு நாள்களுக்கு வரும். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றவும், ஃபிரிட்ஜைக் குளிர்விக்கவும், இன்வெர்ட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் அந்த ஆறு மணி நேரம் போதும்.

குழாய் எரிவாயுவில் ஓட்ட முடியுமா என்றால், காகிதக் கணக்கில் முடியும். வீடுகளுக்குப் பொதுவாக வைக்கும் ஜி1.6 வகை மீட்டர் மணிக்கு அதிகபட்சம் 2.5 கன மீட்டர் கேஸை விடும். அதிலுள்ள ஆற்றல் ஏறக்குறைய 24 கிலோவாட் வெப்பத்துக்குச் சமம், அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 5 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம். அடுப்புக்கும் விட்டுவைக்க வேண்டும் என்பதால் 3 கிலோவாட் வரை நினைத்துப் பார்க்கலாம். ஆனால் உங்கள் இணைப்பு சமையலுக்கெனக் கொடுக்கப்பட்டது. விநியோக நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், அவர்களே போட்டுக்கொடுக்கும் தனி வால்வும் குழாயும் இல்லாமல் அடுப்படிக் குழாயிலிருந்து ரப்பர் டியூப் இழுக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். எல்பிஜிக்கென வாங்கிய ஜெனரேட்டர் குழாய் எரிவாயுவில் ஓட, கேஸ் நுழையும் துளையான ஜெட்டையும் மாற்ற வேண்டும். இதை உற்பத்தியாளரின் சேவை மையம்தான் செய்யலாம்.

எங்கே வைப்பது என்பதில் இரண்டு கேஸுக்கும் நேரெதிர் நடத்தை. குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போய்விடும். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். சென்னை வீடுகளில் ஸ்டில்ட் பார்க்கிங்கின் ஓரத்திலேயே தண்ணீர் சம்ப்பும், மோட்டார் பள்ளமும், கழிவுநீர் மூடியும் இருக்கின்றன. சிலிண்டரை அவற்றுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஜெனரேட்டரையும் கூரைக்குக் கீழே ஓட்டக்கூடாது. இடம்பெயர்க்கக்கூடிய ஜெனரேட்டரைச் சன்னல், கதவுகளிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வலியுறுத்துகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது, முதியவர்கள் அதைத் தூக்கக் கலக்கம் என்றே நினைத்துக்கொள்வார்கள். பெற்றோர் படுக்கும் அறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டுங்கள். வெள்ளம் வரும் தெருவாக இருந்தால் ஜெனரேட்டரை வைக்கும் மேடையைச் சென்ற முறை தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே கட்டுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால், ஜெனரேட்டரை மறந்துவிட்டு இன்வெர்ட்டரோடு இரண்டாவது பேட்டரி சேர்த்துக்கொள்வதே உங்கள் வீட்டுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டருக்குக் கடையில் எல்பிஜி கிட் பொருத்தினோம். முன்போல் சுமை தாங்கவில்லை. மார்கழிக் காலையில் கிளம்பவே மறுக்கிறது. கிட் போலியா? – வாசகர், நீலகிரி

பதில்: கிட் நல்லதாகவே இருந்தாலும் உங்கள் ஊரில் இப்படித்தான் நடக்கும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் எஞ்சின் தன் திறனில் மூன்று, மூன்றரை விழுக்காட்டை இழக்கும், உங்கள் உயரத்துக்கு அது மொத்தம் 20 விழுக்காடு. பெட்ரோலிலிருந்து எல்பிஜிக்கு மாறும்போது மேலும் 10 விழுக்காடு குறையும், ஏனென்றால் சிலிண்டருக்குள் நுழையும் வாயு காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் துளி ஆவியாகும்போது காற்றைக் குளிர்வித்து அடர்த்தியாக்கும் நன்மையும் அதில் இல்லை. 5 கேவிஏ ஜெனரேட்டர் 4 கிலோவாட் தரும் என்று நீங்கள் எண்ணியது 2.9 கிலோவாட்டாக நிற்கிறது. அதற்குள் சுமையை அடக்கிக்கொள்ளுங்கள்.

காலையில் கிளம்பாததற்குக் காரணம் பியூட்டேன். நம் நாட்டு எல்பிஜியில் புரொப்பேனோடு பியூட்டேனும் கணிசமாகக் கலந்திருக்கிறது. புரொப்பேன் உறைநிலைக்கு 42 டிகிரி கீழேகூட வாயுவாகும், பியூட்டேனோ 0 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது. உறைபனி விழும் காலையில் சிலிண்டரிலுள்ள பியூட்டேன் திரவமாகவே கிடக்கும். சிலிண்டர் பாதிக்குக் கீழே இறங்கும்போது இது கூடும், ஏனெனில் புரொப்பேன் முதலில் வெளியேறி, மிஞ்சுவதில் பியூட்டேனின் பங்கு ஏறிக்கொண்டே போகும். மேனிஃபோல்டு வைத்து இரண்டு சிலிண்டர்களை ஒன்றாக இணைத்தால் ஒவ்வொன்றிலிருந்தும் எடுக்கும் வேகம் பாதியாகும். வெயில் படும், காற்றோட்டமுள்ள இடத்தில் சிலிண்டரை நிறுத்துங்கள். நெருப்போ ஹீட்டரோ காட்டாதீர்கள்.

கிட்டில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் உறிஞ்சும்போது மட்டும் திறந்து, நின்றவுடன் தானாக மூடிக்கொள்ளும் டிமாண்ட் ரெகுலேட்டர் அதில் இருக்கிறதா? வெறும் ஊசி வால்வும் ஹோஸும் மட்டுமே கொடுத்திருந்தால், எஞ்சின் நின்ற பிறகும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கிட்டை இன்றே கழற்றிவிடுங்கள். டிமாண்ட் ரெகுலேட்டர் இருந்தால், கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டே கேஸில் ஓட்டுங்கள். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைக் கிட் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குக் குறைத்து வையுங்கள். கேஸ் உலர்ந்த எரிபொருள் என்பதால், பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினின் வால்வு இருக்கைகள் சீக்கிரம் தேயும். வால்வு இடைவெளியை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் 15 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. அதைக் கேஸுக்கு மாற்றலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் அளவுக்கு அது கட்டுப்படியாகாது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. கேஸ் அந்தச் சூட்டில் தானாகப் பற்றாது, ஆகவே சிலிண்டர் ஹெட், பிஸ்டன், இக்னிஷன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சிறிதளவு டீசலைத் திரியாக வைத்துக்கொண்டு மீதியைக் கேஸில் எரிக்கும் இரட்டை எரிபொருள் கிட்டுகள் உண்டு. டெல்லி சுற்றுவட்டாரத்தில் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 2023-இல் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பின் அவை பேசப்படுகின்றன. அவை தொழிற்சாலை, அடுக்குமாடி அளவுள்ள பெரிய ஜெனரேட்டர்களுக்கானவை. கேஸ் வேண்டுமென்றால், இந்த டீசல் ஜெனரேட்டரை விற்றுவிட்டு, கேஸுக்கென்றே பிறந்த ஒன்றை வாங்குங்கள்.

கேள்வி: 2013 டிசம்பர் பனிமழையில் டொரொண்டோ இருளில் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். இயற்கை எரிவாயுக் குழாயை நம்பலாமா, அல்லது புரொப்பேன் டேங்க் வைப்பதுதான் உறுதியா? – வாசகி, மார்க்கம், ஒன்டாரியோ

பதில்: உங்கள் ஊரில் நான் குழாயைத்தான் தேர்ந்தெடுப்பேன். பனிமழை மரக்கிளைகளை ஒடித்து மின்கம்பிகளை அறுக்கும். 2013-இல் டொரொண்டோவில் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. மண்ணுக்கடியில் ஓடும் கேஸ் குழாயை அது தொடுவதில்லை. பெட்ரோலைப்போல மாதக்கணக்கில் வைத்துக் கெட்டுப்போகும் கவலையும் இல்லை.

குழாய் கேஸும் நின்றுபோகக்கூடியதுதான், எங்கே எதனால் என்று தெரிந்திருக்க வேண்டும். 2012-இல் சாண்டி புயலின்போது நியூ ஜெர்சியின் கடலோரத் தீவுத் திட்டுகளில் வெள்ளம் புகுந்து கேஸ் விநியோகத்தையே நிறுத்த வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் டெக்சஸில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரம் இழந்தபோது, எரிவாயுக் கிணறுகள் உறைந்தன. கேஸைத் தள்ளும் நிலையங்கள் சிலவற்றுக்கு மின்சாரமே நிறுத்தப்பட்டது. அதனால் மின்நிலையங்களுக்குக் கேஸ் குறைந்து, இருள் மேலும் நீண்டது. ஆனால் வீடுகளுக்குப் போகும் குழாய்களில் பெரும்பாலும் அழுத்தம் குறையாமல் நீடித்தது. கடலோர வெள்ளப் பகுதியிலோ, நில அதிர்ச்சிக்கு உள்ளாகும் பகுதியிலோ வீடு இருந்தால் நான் டேங்கைப் பரிந்துரைத்திருப்பேன். மார்க்கத்துக்கு அந்த அச்சம் இல்லை.

வீட்டில் உயிர்காக்கும் மருத்துவக் கருவி ஏதேனும் ஓடுகிறதென்றால் மட்டும், குழாயோடு சிறிய புரொப்பேன் ஏற்பாட்டையும் யோசிக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஆஸ்டின் வாசகிக்கான பதிலில் சொன்ன அத்தனை படிகளையும் மீண்டும் செய்ய வேண்டும், நெருக்கடி இரவில் டார்ச் வெளிச்சத்தில் செய்யக்கூடிய வேலையல்ல அது. இரண்டுக்கும் தானே மாறிக்கொள்ளும் மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்டாரியோவில் கேஸ் வேலையைச் செய்பவர் டிஎஸ்எஸ்ஏ என்ற தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும், அட்டையைக் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள்.

குளிர் நாட்டுக்கென்று சில ஏற்பாடுகள் வேண்டும். பேட்டரிக்கு வார்மரும், எஞ்சினுக்கு உற்பத்தியாளர் குளிர்காலத்துக்குச் சொல்லும் சிந்தெடிக் ஆயிலும் இல்லாமல் விடாதீர்கள். கேஸ் ரெகுலேட்டர்களில் காற்று வாங்க ஒரு சிறு துளை உண்டு. அந்தத் துளை பனிக்கட்டியால் அடைபட்டால் உள்ளேயிருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு அசைய முடியாமல் அழுத்தம் தாறுமாறாகும், எஞ்சின் நின்றாலும் நிற்கும், கேஸ் மிஞ்சி வந்தாலும் வரும். துளை கீழ்நோக்கியிருக்கும்படி ரெகுலேட்டரைப் பொருத்தச் சொல்லுங்கள், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் இடத்தைத் தவிருங்கள். பனிமழை பெய்யும் இரவில் ஜெனரேட்டர் கிளம்பினால், ஒருமுறை வெளியே போய் அந்தத் துளையையும் புகைபோக்கி வாயையும் பார்த்துவிட்டு வாருங்கள்.